எலுமிச்சம்பழம் ஏன் மெதுவாக விழுந்தது

ஜூலை 3, திங்கள்

ஏனென்றால் பந்து கணக்குப்படி விழாது. விழும், ஆனால் அப்படி விழுந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். இதைத்தான் இன்று ரங்காக்காவிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் தலையாட்டினார். பிறகு பாசித் பக்கம் திரும்பி, "நீ சொல்லு கண்ணு" என்றார்.

கண்ணு! இரண்டு வருஷமாக நான் வெறும் கௌசிக். அவன் வந்து நாலு மணி நேரம்தான் ஆகிறது, அதற்குள் கண்ணு.

எங்கள் ஆபீஸ் பீளமேட்டில், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்கு மேல் மாடி. ரங்கநாயகி என்கிற ரங்காக்காதான் முதலாளி. 'அசைவு' என்று ஒரு அனிமேஷன் சாஃப்ட்வேர் செய்கிறோம். பள்ளிக்கூட டீச்சர்களும் குழந்தைக் கதை சேனல் நடத்துகிறவர்களும் பழைய லேப்டாப்பில் வைத்து ஓட்டுவார்கள். படம் அவர்கள் வரைவார்கள். அசைவு என்னுடையது. உள்ளே 'அலமாரி' என்று ஒரு பகுதி உண்டு. அதில் நான் கையால் செய்த இருநூற்றுப் பதினான்கு அசைவுகள் இருக்கின்றன. ஒன்றை உருவித் தங்கள் படத்தின் மேல் போட்டால் படம் அப்படியே ஆடும். பெயர் வைத்ததும் நான்தான். சோம்பேறிப் பந்து, கோபக்காரக் கதவு, வெட்கப்படும் திரைச்சீலை. காலேஜை மூன்றாம் செமஸ்டரில் விட்டவன் உருப்படியாகச் செய்தது என்று உலகத்தில் இருப்பது அந்த அலமாரி ஒன்றுதான்.

இப்போது இந்த சாஃப்ட்வேரில் ஃபிசிக்ஸ் சேர்க்கப் போகிறார்களாம். பொருளை வரைந்து விட்டுவிட்டால் போதும். எடை, ஈர்ப்பு, உராய்வு எல்லாம் கணக்குப் போட்டு கம்ப்யூட்டரே விழவைக்கும், உருட்டும், ஆட்டும். அதைச் செய்யத்தான் பாசித் வந்திருக்கிறான்.

இந்த வெள்ளிக்கிழமை இல்லை, அடுத்த வெள்ளி. பதினான்காம் தேதி. முப்பது பள்ளிகள் நடத்தும் ஒரு அறக்கட்டளையிலிருந்து டீச்சர்கள் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால் ஃபிசிக்ஸ் உள்ளே. பிடிக்காவிட்டால் பாசித் வெளியே. ரங்காக்கா எதையும் மறைத்துப் பேசுகிற ஆள் இல்லை. "ஃபிசிக்ஸ் வந்துட்டா அலமாரிக்குப் புதுசு போட வேண்டியதில்ல கௌசிக். அப்ப உனக்கு என்ன வேலைன்னு யோசிக்கோணும்" என்றார்.

பாசித் யார் என்று எழுதவில்லையே. காலேஜ் ஹாஸ்டலில் என் ரூமில் இருந்தவன். நான் விட்டுவிட்டு வந்தேன், அவன் முடித்துவிட்டு வந்திருக்கிறான். காலையில் கட்டிப்பிடித்து, "மாப்ள! நீ இருக்கேன்னுதான்டா இந்த வேலைக்கே வந்தேன்" என்றான். புளுகு.

ஜூலை 4, செவ்வாய்

பாசித் முதல் சோதனை காட்டினான். திரை நிறைய ஒரு மேசை, ஓரத்தில் ஒரு எலுமிச்சம்பழம். தட்டிவிட்டான். அது கிளம்பியது, யோசித்தது, ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத் தரைக்கு வந்தது.

"என்ன பாசித்து, தண்ணிக்குள்ள விழறாப்ல விழுது?" என்றார் ரங்காக்கா.

"எங்கயோ தப்பு இருக்குக்கா. பாக்கறேன்."

நான் ஃப்ரேம் எண்ணினேன். எங்கள் தொழிலில் ஒரு விநாடிக்கு இருபத்துநாலு படம், ஒவ்வொன்றும் ஒரு ஃப்ரேம். மேசையிலிருந்து எலுமிச்சை விழ பத்து ஃப்ரேம் ஆகும். இரண்டு வருஷமாக ரூமில் இருக்கிற எல்லாவற்றையும் கீழே போட்டு ஃபோனில் படம் எடுத்தவன் நான், எனக்குத் தெரியும். அவன் எலுமிச்சை எடுத்துக்கொண்டது முப்பத்துநாலு. முப்பத்துநாலு என்பது மூன்று மாடி உயரத் தென்னையிலிருந்து தேங்காய் விழுகிற நேரம்.

அப்போதே புரிந்துவிட்டது. படத்துக்கு உயரம் கிடையாது. எலுமிச்சையையும் திரை நிறைய வரையலாம், தென்னையையும் திரை நிறைய வரையலாம். அவன் எல்லாத் திரையையும் பத்து மீட்டர் என்று எழுதி வைத்துவிட்டான். அதனால் கம்ப்யூட்டர் அந்த மேசையைத் தென்னை உயரத்து மேசை என்று நினைக்கிறது. பழத்தின் மேல் தப்பே இல்லை.

என் கருத்தை யாரும் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை.

ஜூலை 6, வியாழன்

"பாசித்துக்குச் சக்கரை கம்மியாப் போடச் சொல்லு." இது ரங்காக்கா, டீ சொல்லும்போது. நான் இரண்டு வருஷமாகக் குடிப்பது கடுங்காப்பி. இன்றைக்கும் பால் டீ வந்தது. குடித்தேன்.

ஜூலை 9, ஞாயிறு

துணி துவைத்தேன். ஈர லுங்கியைக் கொடியில் போட்டு நாற்பது விநாடி படம் எடுத்தேன். ஈரத்தில் அடி ஓரம் கனமாகிவிடும். காற்று வந்தால் நடுப்பகுதி முதலில் கிளம்பும், ஓரம் பின்னாலேயே இழுபட்டுப் போய், கடைசியில் ஒரு உதறல். அந்த உதறலை எந்தக் கணக்கு கொடுக்கும்? கொடுக்கட்டுமே பார்க்கலாம்.

அம்மா ஃபோன் செய்தார், பொள்ளாச்சியிலிருந்து.

"பாசித்து உன்ற ஆபீசுக்கே வந்துட்டானாமா?"

"ஆமா."

"நல்ல பையன். நீ விட்டுட்டு வந்தப்ப எனக்கு ஃபோன் பண்ணி அழுதானே, 'ஒரே ஒரு பேப்பரும்மா, அவன எழுதச் சொல்லுங்கம்மா'ன்னு. அவனாட்ட நீயும்…"

"அம்மா, சிக்னல் இல்ல."

சிக்னல் இருந்தது. நான்கு கோடும் இருந்தன. அந்த ஒரே ஒரு பேப்பர் எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் போனது.

ஜூலை 11, செவ்வாய்

மத்தியானம் பாசித் சாப்பிடப் போயிருந்தான். அவன் கம்ப்யூட்டர் திறந்தே இருந்தது. நான் உளவு பார்க்கவில்லை. ஸ்டேப்ளர் எடுக்கப் போனேன்.

திரையில் ஒரு பெரிய அட்டவணை. இடது பக்கம் என் அசைவுகள், இருநூற்றுப் பதினான்கும் வரிசையாக. பக்கத்துக் கட்டத்துக்குத் தலைப்பு: 'எங்கே பொய்'.

சோம்பேறிப் பந்து: மேலே போய் மூணு ஃப்ரேம் சும்மா நிக்குது. பொய்.
கோபக்காரக் கதவு: சாத்துறதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னால போகுது. யாரும் தள்ளல. பொய்.

இப்படியே கீழே கீழே. ஒன்றையும் விடவில்லை. அவன் காலேஜில் இருந்த காலத்திலிருந்தே தேதி போட்டிருந்தது. ஆபீசுக்கு வருவதற்கு முன்பே எனக்குக் குற்றப்பத்திரிகை எழுதி வைத்திருக்கிறான். அந்த மூன்று ஃப்ரேமுக்காக நான் நாலு நாள் உட்கார்ந்தேன் என்று அதில் எங்கேயாவது எழுதியிருக்கிறதா? வலது பக்கம் இன்னும் ஏதோ கட்டங்கள் இருந்தன. படியில் காலடிச் சத்தம் கேட்டது, வந்துவிட்டேன். ஸ்டேப்ளர் எடுக்கவில்லை.

நாலு மணிக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாப்ள, ஒரு வாரமா மண்டைய ஒடச்சுக்கறேன்டா. கணக்கெல்லாம் சரியா இருக்கு, ஆனா மெதுவா விழுது. பொருள் விழறதுல நீதான்டா ராஜா. உனக்கு என்னமோ தோணுதுல்ல? சொல்லேன்."

"ஈர்ப்ப ஏத்திப் பாரு" என்றேன்.

"அது நிஜ எண்ணுடா. பூமியோட எண்ணு."

"படத்துல ஏதுடா பூமி? பத்துப் பன்னெண்டு மடங்கு ஏத்து. நல்லா இருந்தா வெச்சுக்க."

ஏற்றினால் எலுமிச்சை சரியாக விழும். ஆகவே நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

ஜூலை 12, புதன்

எலுமிச்சை பத்து ஃப்ரேமில் விழுந்தது. பாசித் ஆபீஸைச் சுற்றி ஓடினான். அப்புறம் டம்ளர், சாவிக்கொத்து, பம்பரம் என்று வரைந்து வரைந்து போட்டான். எல்லாமே கையில் பிடிக்கிற சின்னச் சாமான்கள். எல்லாமே அழகாக விழுந்தன. "பெருசா ஏதாவது போட்டுப் பாத்தியா?" என்று நான் கேட்டிருக்கலாம். அவன் வேலையைச் சோதிப்பது என் வேலை இல்லை.

சாயங்காலம் அவன் செலவில் முட்டைப் பரோட்டா. "உன்னாலதான்டா" என்றான். ரங்காக்காவிடமும் அப்படியே சொல்லி வைத்திருக்கிறான். பாதியை வைத்துவிட்டேன்.

ஜூலை 14, வெள்ளி

இரண்டு பேர் வந்தார்கள். கற்பகவல்லி டீச்சர், அப்புறம் ஒரு ஹெட்மாஸ்டர். பாசித் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தான். எலுமிச்சையை விழவைத்தான். "அட!" என்று டீச்சர் முன்னால் சாய்ந்தார். பம்பரம் சுற்றிச் சரிந்தது. ஹெட்மாஸ்டர் கை தட்டினார். ரங்காக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சந்தோஷமாக இருந்தால் அப்படிச் செய்வார். எனக்காக ஒருமுறை செய்திருக்கிறார்.

"நான் ஒண்ணு வரையட்டுங்களா?" என்றார் டீச்சர். வேப்பமரம் வரைந்தார், கிளையில் ஊஞ்சல், ஊஞ்சலில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் குழந்தை. "இது எங்க அஞ்சாங்கிளாஸ் யாழினிங்க. இப்ப ஆட்டி விடுங்க."

பாசித் ஆட்டிவிட்டான்.

ஊஞ்சல் ஆடவில்லை, உதறியது. அந்தக் குழந்தை இங்கேயும் அங்கேயும் பறந்தது, சடை இரண்டும் முகத்தில் அறைந்தன.

"ஐயோ சாமி, புள்ளைய எறக்குங்க!" என்று டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"தம்பி, இது ஊஞ்சலா, மிக்சியா?" என்றார் ஹெட்மாஸ்டர்.

பாசித் ஒரு தென்னை வரைந்து தேங்காயை விட்டான். தேங்காய் விழுந்ததை யாருமே பார்க்கவில்லை. மேலே இருந்தது, உடனே கீழே இருந்தது. அவசரமாக ஈர்ப்பைக் குறைத்தான். ஊஞ்சல் வழிக்கு வந்தது, எலுமிச்சை மறுபடி தண்ணீருக்குள் போனது. ஏற்றினான், குறைத்தான், ஏற்றினான். அவன் காதுமடல் சிவந்தது. காலேஜில் வைவாவுக்குக் கேள்வி கேட்கும்போதெல்லாம் அப்படித்தான் சிவக்கும்.

"அதக் கூட்டுனா இது கெடுது, இதக் கொறச்சா அது கெடுது. நாங்க எதத்தான் வெக்கறதுங்க?" என்றார் டீச்சர். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

அலமாரியைக் காட்டச் சொன்னார்கள். சோம்பேறிப் பந்தை எடுத்து டீச்சர் வரைந்த பூசணிக்காயின் மேல் போட்டேன். பூசணி மேலே போனது, அங்கேயே கொஞ்சம் அலுத்துக்கொண்டு நின்றது, விழுந்தது. இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள்.

பாசித்தும் சிரித்தான். அதை மட்டும் அவன் செய்திருக்க வேண்டாம்.

ஜூலை 15, சனி

ஜெயித்துவிட்டேன். ஃபிசிக்ஸ் இல்லை. பாசித்துக்கு இருபத்தொன்றாம் தேதி கடைசி நாள். அலமாரி அப்படியே இருக்கும். மத்தியானம் வரை படுத்திருந்தேன். ரூமைக் கூட்டினேன்.

ஜூலை 18, செவ்வாய்

டீச்சர்கள் தங்களுக்கு வேண்டிய அசைவுகளைப் பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். முதல் வரி: 'ஏறி இறங்கும் சீசாப் பலகையில் ஒரு பக்கம் குண்டுப் பையன், மறுபக்கம் ஒல்லிப் பையன். பிறகு ஒல்லிப் பையன்கள் இருவர். பிறகு மூவர். எந்தப் பக்கம் இறங்கும் என்று பிள்ளைகளே மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும்.'

மாற்றி மாற்றியா? நான் ஒரு குண்டுப் பையனை இறக்கிக் கொடுத்தால் அவன் ஆயுள் முழுக்க அப்படியேதான் இறங்குவான். இந்த ஒரு வரிக்கே எத்தனை அசைவு செய்வது? முப்பதா, முந்நூறா? காலை முழுக்க வரைந்தேன். குண்டுப் பையன் நன்றாகவே இறங்கினான். பட்டியலில் இன்னும் அறுபத்தெட்டு வரி இருக்கிறது.

மத்தியானம் ரங்காக்கா ஒரு ஃபைலை அனுப்பினார். "பாசித்து, தான் போறதுக்கு முந்தி இத உனக்குக் குடுக்கச் சொன்னான். பாரு."

அதே அட்டவணை. இந்தத் தடவை வலது பக்கமும் பார்த்தேன். 'எங்கே பொய்' என்ற கட்டத்துக்கு அடுத்த கட்டத்தின் தலைப்பு: 'இந்தப் பொய்யாலதான் உயிர் வருது. ஃபிசிக்ஸ்ல இத எப்படிச் சேக்கறது? கௌசிக்கக் கேக்கணும்.' இருநூற்றுப் பதினான்கு வரியிலும் டிக்.

மூடிவைத்தேன். சிங்க்கில் நாலு டம்ளர் கிடந்தன, கழுவினேன். ஒன்று பாசித்தினுடையது. அதையும்தான்.

ஜூலை 21, வெள்ளி

இன்று அவனுக்குக் கடைசி நாள். கம்ப்யூட்டரை ஒப்படைத்துவிட்டான். மூன்று மணிக்கு வேலை இல்லாமல் என் எதிரே உட்கார்ந்து பழைய பேப்பரின் பின்பக்கம் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தான். ஒரு பேப்பரில் மேசையும் எலுமிச்சையும், இன்னொன்றில் தென்னையும் தேங்காயும்.

"விட்றா. முடிஞ்சு போச்சு" என்றேன்.

"வேலைக்காக இல்ல மாப்ள. தெரியாமப் போனா தூக்கம் வராது."

இரண்டு பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். எலுமிச்சையை விரலால் தொட்டான், தேங்காயைத் தொட்டான். "ரெண்டும் ஒரே பேப்பர் நிறைய இருக்கு…" என்று முனகினான். பென்சில் அப்படியே நின்றது.

அந்த நிற்றல் எனக்குத் தெரியும். ஹாஸ்டலில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். பென்சில் நிற்கும், கண் சுருங்கும், கொஞ்ச நேரத்தில் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி "வந்துருச்சு!" என்பான். நான் பக்கத்துக் கட்டிலில் அதே கணக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இடது கை மேலே எழுந்தது.

"படத்தோட உயரத்தக் கேளுடா!" என்று கத்திவிட்டேன்.

எதற்குக் கத்தினேன்? அவனைப் பாவம் பார்த்து இல்லை. இங்கே பொய் எழுதி என்ன ஆகப் போகிறது? இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனே கண்டுபிடித்திருப்பான். அது அவனுடையதாகியிருக்கும். என்னால் தாங்க முடியவில்லை, முந்திக்கொண்டேன்.

"வரையறவங்ககிட்ட முதல்ல ஒரே ஒரு கேள்வி. இது டம்ளர் உயரமா, ஆள் உயரமா, தென்னை உயரமா? அதச் சொல்லிட்டாப் போதும். ஈர்ப்பத் தொடவே வேண்டாம். உன் கணக்கு சரிதான். எலுமிச்சைக்குப் பத்து ஃப்ரேம், தேங்காய்க்கு முப்பத்துநாலு. ஊஞ்சலும் சரியா ஆடும்."

அவன் கை இறங்கியது. தொடையில் தட்டவில்லை.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"இப்பத்தான்."

"கௌசிக்."

அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"நாலாந்தேதி" என்றேன்.

"நான் உங்கிட்டக் கேட்டது பதினொண்ணு."

"ஆமா."

"ஈர்ப்ப ஏத்துன்னு சொன்ன."

"ஆமா."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேப்பர் இரண்டையும் மடித்துப் பையில் போட்டான்.

"மூணு தடவ அந்தப் பேப்பர்ல ஃபெயிலானவன்டா நீ. ஒரு எலுமிச்சை விழறதப் பாத்து ஒரே நாள்ல கண்டுபிடிச்சிருக்க, நான் மூணு வாரம் தடவிட்டு இருந்தத. அதையும் வெளிய சொல்லாம உள்ளயே வெச்சிருக்க. பரீட்சையிலயும் இதானடா பண்ணின?" என்றான். அப்புறம் படியிறங்கிப் போய்விட்டான். சொல்லிக்கொள்ளவில்லை.

அவன் என்னைத் திட்டினான். எனக்கு மட்டும் பாராட்டுப் போலக் கேட்டது. என்ன மாதிரி ஆள் நான்?

ஜூலை 22, சனி

ரங்காக்காவிடம் நானே சொன்னேன். பாசித் சொல்லியிருப்பான் என்று நினைத்துப் போனேன். அவன் சொல்லவே இல்லை. பாதியில் நிறுத்தியிருக்கலாம், ஆனால் பாதிக்கு மேல் வந்துவிட்டது.

கேட்டு முடித்து, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். துடைக்கவில்லை.

"தெரிஞ்சும் சொல்லாம இருந்தது ஒண்ணு. அவன் வந்து கேட்டப்ப மாத்திச் சொன்னது வேற. ரெண்டும் ஒண்ணில்ல, தெரியுதா?"

"தெரியுதுங்க்கா."

"இதச் சரி பண்ணுனா ஃபிசிக்ஸ் உள்ள வந்துரும். உன்ற அலமாரி போனாலும் போயிரும். அது தெரியுமா?"

"தெரியுங்க்கா."

"அப்பறம் ஏன் சொல்ற?"

"கையால செஞ்சா சீசா வரலீங்க்கா" என்றேன். எழுதிப் பார்த்தால் அபத்தமாகத்தான் இருக்கிறது.

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "திங்கக்கெழம டீச்சருங்க ஸ்கூலுக்கே போலாம். தப்பு எங்கன்னு அவங்களுக்கு நீதான் சொல்லோணும். ஏன் அப்படி ஆச்சுன்னு கேட்டா அதையும் நீயேதான் சொல்லோணும். நீ இங்க இருக்கறதா வேண்டாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல. அவங்க முன்னாடி ஊஞ்சல் ஆடட்டும். அப்பறம் பேசிக்கலாம்."

நான் வெளியே வருவதற்குள் ஃபோனை எடுத்துவிட்டார். "பாசித்து? கண்ணு, எங்க இருக்க?"

ஜூலை 24, திங்கள்

காலை எட்டு மணிக்கு பாசித் அனுப்பியிருந்தான். கூட ஒரு வார்த்தை இல்லை, ஃபைல் மட்டும். இரண்டே நாளில் செய்திருக்கிறான். திறந்ததும் முதல் கேள்வி: 'உங்கள் படம் எவ்வளவு உயரம்?' கீழே நகர்த்திவைக்க ஒரு கோடு, அதன் மேல் மூன்று சின்னப் படங்கள். டம்ளர், ஆள், தென்னை.

டீச்சரின் வேப்பமரத்தைப் போட்டு ஆள் உயரத்துக்கும் தென்னைக்கும் நடுவில் வைத்தேன். ஆட்டிவிட்டேன்.

யாழினி பின்னால் போனாள். மேலே ஒரு கணம், போவதா வருவதா என்று தெரியாமல் நின்றாள். சடை இரண்டும் அவளுக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தன. கால் தானாக நீண்டது. இறங்கும்போது கிளை லேசாக வளைந்தது. கிளை வளையும் என்று எனக்குத் தோன்றியே இருக்காது.

பதினோரு தடவை பார்த்தேன். என் கை பட வேண்டிய இடம் ஒன்றாவது இருக்கும் என்று ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தித் தேடினேன். ஒரே ஒரு ஃப்ரேம். இரண்டு ஃப்ரேம்கூட வேண்டாம், ஒன்று போதும்.

இல்லை.

வயிறு எரிகிறது. இந்த எரிச்சலோடுதான் அந்த டீச்சர் முன்னால் போய் நின்று, "தப்பு அவன் பேர்ல இல்லீங்க, நான்தான்" என்று சொல்ல வேண்டும். சொன்னதும் இந்த ஊஞ்சலை ஆட்டிக் காட்ட வேண்டும். அவர்கள் சிரிக்க மாட்டார்கள், வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போது என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று…

ஹாரன் சத்தம். கீழே பைக்கில் பாசித். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை. "வர்றியா, இல்ல இங்கயே கெடக்கறியாடா?" என்று காயில் கடைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துகிறான். மாப்ள என்று சொல்லவில்லை. போக வேண்டும்.